குல்மார்க்கின் பனிக்கு ஏற்ற பலகை: தென்தமிழ்ச் சமவெளியிலிருந்து செல்வோரின் தேர்வு குறித்து

இரு கால்களையும் ஒரே பலகையின் மேல் குறுக்காகப் பிணைத்துக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் நிறுத்திப் பனி மூடிய சரிவில் வழுக்கி இறங்குவதற்குரிய கருவி ஸ்னோபோர்டு எனப்படுகிறது. அதைப் புதிதாக வாங்க முற்படுவோர் எதிர்கொள்ளும் கேள்விகளில் கடினமானது, புதிதாய் விழுந்து இன்னும் இறுகாத தூள்பனியிலும், இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த கெட்டித் தடத்திலும் ஒரே பலகை செம்மையாக இயங்குமா என்பதாகும். ஏனெனில் ஒன்றில் துணைநிற்கும் வடிவக்கூறு மற்றொன்றில் பெரும்பாலும் இடையூறாகிறது. இக்கேள்விக்கு வெளிநாட்டு விற்பனைக் கையேடுகள் தரும் விடைகள், வீட்டிலிருந்து சில மணி நேரத்தில் மலையை அடைந்து பருவம் முழுவதும் அடிக்கடி சறுக்கும் வாடிக்கையாளரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மதுரையிலிருந்தோ அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிச் சமவெளிகளிலிருந்தோ ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்துக் காஷ்மீருக்குச் செல்லும் ஒருவருக்கு அவை அப்படியே பொருந்தா. சறுக்கப்போகும் மலையின் இயல்பும் சறுக்குபவரின் எடையும் பாத அளவுமே அவருடைய தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் பலகை எத்தகைய வெப்பத்தில் கிடக்கப்போகிறது என்பதும், கையேடுகள் பேசாத ஒன்றாயினும், கணக்கில் வர வேண்டும்.

தமிழகத்தில் சறுக்கத்தக்க பனி விழுவதில்லை. கொடைக்கானலிலும் உதகையிலும் குளிர்கால விடியலில் புல்வெளியை வெளுக்கச் செய்வது நிலத்தருகே ஈரம் உறைந்து உண்டாகும் உறைபனியே தவிர, வானிலிருந்து பொழியும் பனியன்று. இந்தியாவில் உத்தராகண்டின் அவுலி, இமாசலத்தின் சோலாங் போன்ற இடங்களில் பனிச்சறுக்கு நடைபெறினும், தூள்பனியை நாடுவோரின் முதன்மையான இடம் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில் பீர்பஞ்சால் மலைத்தொடரில் அமைந்த குல்மார்க்தான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரிலிருந்து கொங்டோரி வரை 1998இலும், அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்வரை 2005இலும் கம்பிவடப் பெட்டிகள், அதாவது கொண்டோலா, இயங்கத் தொடங்கின. இரண்டாம் கட்டம் பயணியை ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஐரோப்பிய நிலையங்களில் மலையின் பெரும்பகுதி சீராக்கிய தடங்களால் ஆனதாக இருக்க, இங்கோ அஃபர்வத்தின் மேற்சரிவுகள் ஏறக்குறைய முழுவதும் இயற்கை விட்டபடியே கிடப்பவை. சீராக்கிய தடங்கள் குறைவு, அவையும் கீழ்ப்பகுதியில்தான் உள்ளன. எனவே கையேடுகளில் மலைமுழுதுக்குமான பலகை என்று விற்கப்படுவதன் பொருளே குல்மார்க்கில் மாறிவிடுகிறது. அங்கே ஒரே இறக்கத்தில் மேலே காற்றடித்து இறுகிய மேற்பரப்பும், நடுவே ஆழ்ந்த தூள்பனியும், கீழே கூம்புமரக் காடும், முடிவில் தட்டையான பனித்தடமும் அடுத்தடுத்து வருகின்றன.

அப்பனியின் வருகையும் சீரானதன்று. மத்தியதரைக்கடல் பகுதியில் உருவாகி மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் குலைவுகளே காஷ்மீரின் குளிர்காலப் பொழிவுக்குக் காரணம் என்பதால், அவை அடுத்தடுத்து வரும் வாரத்தில் இடுப்பளவு பனி குவிவதும், வராத வாரங்களில் மலை வறண்டு இறுகுவதும் இயல்பு. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீர மக்கள் சில்லை கலான் என்பர். பொதுவாக மிகுந்த பனிக்குரிய காலம் அதுவே. ஆயினும் 2024 சனவரியின் பெரும்பகுதி குல்மார்க் பனியின்றிக் காய்ந்து கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனியின்மையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடத்தப்பட்டன. பல மாதங்களுக்கு முன்பே பயணச்சீட்டு எடுத்தாக வேண்டிய தென்னாட்டுப் பயணிக்கு, தாம் போய்ச் சேரும் வாரத்தில் தூள்பனி கிடைக்குமா, கெட்டித்தரை கிடைக்குமா என்று முன்னறிய வழியில்லை. தூள்பனிக்கென்றே வடிக்கப்பட்ட தனிப் பலகையை அவர் வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

தூள்பனியில் பலகை மிதப்பது எவ்வாறு என்பதை மதுரை வட்டாரத்தார்க்கு விளக்குவது எளிது. டிராக்டர் பரவலாவதற்கு முன், பெரியாறு–வைகைப் பாசன வயல்களில் நடவுக்கு முந்திய சேற்றைச் சமன்செய்ய மாடுகள் இழுத்த பரம்புப் பலகையின் மேல் உழவர் ஏறி நின்றே சென்றார். வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை உள்வாங்கும் அதே சேறு, எடை அகன்ற பலகையில் பரவியதால் அவரைத் தாங்கியது. ஸ்னோபோர்டின் அடிப்படைக் கணக்கும் அதுவே. உடைகளோடும் பையோடும் 80 கிலோ எடையுள்ள ஒருவர் பூட்ஸ் அணிந்த ஒற்றைக் காலை ஊன்றும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ என்ற அளவில் பனி அழுத்தப்படுகிறது; 158 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகையின் மேல் அவரே நின்றால் அது 190 கிலோ அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் புதிதாய் விழுந்த உலர்ந்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரையே எடையுடையதாகையால், பரப்பு மட்டுமே போதாது, வேகமும் வேண்டும்: முன்முனை சற்று உயர்ந்த நிலையில் பலகை விரையும்போது பனியைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, அதன் எதிர்விசை பலகையை மேலே தூக்குகிறது. முன்முனை தாழ்ந்தால் அது பனிக்குள் புகுந்து ஆளைத் தலைகுப்புறக் கவிழ்க்கும். தூள்பனிக்கான வடிவக்கூறுகள் யாவும், அவற்றுக்கு எப்பெயர் சூட்டி விற்றாலும், அந்த முன்முனையைப் பின்கால் தசை சோராமல் மேலே வைத்திருப்பதற்கான வழிகளே.

இவ்விளையாட்டின் தொடக்கமே தூள்பனியில்தான் நிகழ்ந்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் தம் மகள்களுக்காக இரு சறுக்குமட்டைகளை (ஸ்கீ) இணைத்துச் செய்த ஸ்னர்ஃபர் என்னும் விளையாட்டுப் பலகையிலிருந்து இது கிளைத்தது. 1970களில் டிமிட்ரி மிலோவிச் யூட்டா மாநிலத்தின் ஆழ்பனிக்கென அலைச்சறுக்குப் பலகைகளைப் பின்பற்றிப் பிளவுபட்ட வால் கொண்ட பலகைகளைச் செய்தார். 1977இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் வெர்மான்ட்டில் தொழில் தொடங்கினார். அந்நாளில் பனிச்சறுக்கு நிலையங்கள் பல ஸ்னோபோர்டை உள்ளே விடவில்லை என்பதால் சீராக்காத சரிவுகளே அதன் களமாயின. நிலையங்கள் கதவைத் திறந்தபின், 1998 நாகனோ ஒலிம்பிக்கில் இது இடம்பெற்ற காலத்தையொட்டி, முன்னும் பின்னும் ஒன்றுபோல் அமைந்த, கெட்டித்தரைக்கும் தாவல்களுக்கும் உகந்த இரட்டைமுனைப் பலகையே பொதுவடிவமாயிற்று. ஜப்பானில் டாரோ தமாய் போன்றோர் மட்டும் அலைச்சறுக்கின் வழிவந்த திசைசார் பலகைகளை, அதாவது முன்முனையும் பின்முனையும் வேறுவேறாக அமைந்து முன்னோக்கியே செல்லத்தக்கவற்றை, விடாது செய்துவந்தனர். இன்று கடைகளில் தூள்பனிப் பலகைகள் பெருகியிருப்பது புதுமை என்பதைவிட அப்பழைய மரபின் மீட்சி என்பதே சரி.

பலகையின் நீள்வாட்டு வளைவு முதலில் நோக்கத்தக்கது. தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்று மேலெழுந்து, இரு முனைகளுக்கருகே மட்டும் தரையைத் தொடும் மரபுவழி வளைவு கேம்பர் எனப்படும். மேலே ஆள் நின்றதும் அது நாணேற்றிய வில்லின் இறுக்கத்தோடு அழுந்தி, விளிம்பு முழுவதையும் பனியில் பதிப்பதால், கெட்டித்தரையில் பிடிமானம் மிகுகிறது. இதற்கு எதிராக நடு தரையைத் தொட்டு முனைகள் மேலெழும் வளைவு ராக்கர் எனப்படும். 2000களின் தொடக்கத்தில் சறுக்குவீரர் ஷேன் மெக்காங்கியின் எண்ணத்தில் உருவான ஸ்பாட்டுலா என்னும் சறுக்குமட்டையில் இது துணிவுடன் சோதிக்கப்பட்டு, பிறகு ஸ்னோபோர்டுகளிலும் பரவியது. ராக்கர் தூள்பனியில் தானே மிதக்கும், தொடக்கநிலையினர் விளிம்பு சிக்கி விழுவதையும் குறைக்கும். ஆனால் காற்றடித்து இறுகிய சரிவில் அது வழுகி அலைபாய்வதைத் தேர்ந்தவரும் எளிதில் தடுக்க இயலாது. இரண்டையும் கலந்த வடிவங்கள் பல இன்று கிடைக்கின்றன. அவற்றுள் கால்களுக்கிடையே ராக்கரும் கால்களுக்கு வெளியே கேம்பரும் உள்ள வகையைக் காட்டிலும், கால்களுக்குக் கீழே கேம்பரும் முன்முனையில் நீண்ட ராக்கரும் கொண்ட வகையே குல்மார்க்குக்கு ஏற்றது எனலாம். அங்கே மேற்சரிவின் முதல் சில திருப்பங்கள் பெரும்பாலும் காற்றால் இறுகிய பனியில் அமைகின்றன, அங்கு பிடிமானம் இழப்பவர் கீழே காத்திருக்கும் தூள்பனியை நிமிர்ந்து அடைய மாட்டார்.

மேலிருந்து நோக்கினால் தெரியும் வடிவத்தில் முன்முனை பின்முனையைவிட அகன்றிருப்பது டேப்பர் எனப்படுகிறது. அகன்ற முன்பகுதி மிதக்க, ஒடுங்கிய வால் சற்றுத் தாழ, பலகை தானே முகம் நிமிர்த்திக்கொள்கிறது. தூள்பனிக்கே உரிய பலகைகளில் இவ்வேறுபாடு 20 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் கெட்டித்தரைத் திருப்பத்தின் முடிவில் வால் நழுவும் இயல்பு உண்டு. 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான டேப்பர் இரு நிலங்களுக்கும் இணக்கமானது. கால்கட்டுகள், அதாவது பைண்டிங்குகள், பலகையின் நடுவிலிருந்து பின்தள்ளி அமைவதும் இதே பயனைத் தருகிறது. 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை பின்தள்ளிய அமைப்பு போதுமானது, ஆழ்பனி நாளில் திருகாணிகளைக் கழற்றி இன்னும் ஒரு துளை பின்னே நகர்த்திக்கொள்ள முடியும். பக்க விளிம்பின் உள்வளைவான சைடுகட் பற்றி விளம்பரங்கள் மிகுதியாகப் பேசினும், 7 முதல் 9 மீட்டர் ஆரம் கொண்ட எதுவும் இத்தேவைக்குக் குறைவைக்காது.

அளவைப் பொறுத்தவரை, பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும் என்ற பழைய விதி இன்னும் கடைகளில் சொல்லப்படுகிறது. அதைக் கைவிடுவதே நன்று. பலகை அறிவது உயரத்தையன்று, எடையையே. ஒவ்வொரு நீளத்துக்கும் தயாரிப்பாளர் அச்சிடும் எடை வரம்பே நம்பத்தக்கது, அதிலும் உடை, பை, பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றுக்கு ஏழெட்டுக் கிலோ சேர்த்துக்கொண்டே பார்க்க வேண்டும். உயரமாகவும் ஒல்லியாகவும் உள்ள ஒருவர் உயரத்தை நம்பி நீண்ட பலகை வாங்கினால், அதை வளைக்கத் தம் எடை போதாமல் மரங்களுக்கிடையே திரும்ப முடியாது தவிப்பார். அகலத்தை முடிவுசெய்வது பாதம். பூட்ஸின் முனையும் குதிகாலும் பலகையின் விளிம்புக்கு வெளியே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளலாம். அதற்கு மேற்பட்டால் சாய்ந்து திரும்பும்போது அவை பனியில் உரசி ஆளை வீழ்த்தும். இந்தியக் கடைகளில் 10ஆம் எண்ணோ அதற்கு மேற்பட்டதோ ஆகிய காலணி அணிவோர் அகலப் பதிப்பைத் தேட வேண்டியிருக்கும். அண்மைக்காலத்தில் நீளத்தைச் சில சென்டிமீட்டர் குறைத்து அகலத்தைக் கூட்டி, மொத்தப் பரப்பைக் காக்கும் குட்டை அகலப் பலகைகள் பெருகியுள்ளன. குல்மார்க்கின் காட்டுப்பகுதியில் அவை இலகுவாகத் திரும்பும் என்பதோடு, நெடும்பயணத்தில் சுமப்பதற்கும் எளியவை. ஆயினும் சிறிய பாதமுடையோர்க்கு அவ்வகலம் விளிம்பிலிருந்து விளிம்புக்கு மாறுவதை மந்தமாக்கும்.

பலகையின் வளைதிறனைத் தயாரிப்பாளர்கள் 1 முதல் 10 வரை எண்ணிட்டுக் காட்டுவர். இதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை, ஒரு நிறுவனத்தின் 6 இன்னொன்றின் 4ஆக இருக்கக்கூடும். நடுத்தர விறைப்பு போதும். உள்ளே இருக்கும் மரம் பாப்லரா பாலோனியாவா, கண்ணாடி இழை இருதிசைப் பின்னலா முத்திசைப் பின்னலா என்பவை எடையிலும் விறைப்பிலும் சிறு மாற்றம் செய்வன. ஆண்டுக்கு ஒருமுறை செல்பவர் அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் குறைவு.

அடிப்பரப்பு அப்படிப்பட்டதன்று. பாலித்தீன் துகள்களை வெப்பத்தில் அழுத்தி இறுக்கிச் செய்த அடிப்பரப்பு நுண்துளைகளில் மெழுகை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விரைவாக வழுகும், ஆனால் மெழுகிடாமல் விட்டால் அந்நன்மை போய்விடும். பாலித்தீனை உருக்கித் தகடாகப் பிதுக்கிச் செய்தது மலிவானது, மெதுவானது, பராமரிப்பைப் பெரிதும் வேண்டாதது. குல்மார்க்கின் நீண்ட இறக்கங்கள் தட்டைத் தடங்களில் முடிகின்றன. சறுக்குமட்டை அணிந்தவர் கைக்கோல் ஊன்றித் தள்ளிச் செல்லும் அவ்விடத்தில் ஸ்னோபோர்டுக்காரர் நின்றுவிட்டால் பலகையைக் கழற்றித் தோளில் சுமந்து தொடையளவு பனியில் நடக்க நேரிடும், மார்ச் மாதத்து ஈரப்பனியில் இது இன்னும் மோசம். ஆகவே மெழுகிடக் கற்றுக்கொள்ளும் உறுதியுடையோர்க்கு முதல்வகையே தக்கது.

இனி, வாங்கத்தான் வேண்டுமா என்பதே ஆராயத்தக்க வினா. குல்மார்க்கில் பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அமெரிக்கச் சந்தையில் ஒரு புதிய பலகையின் விலை பெரும்பாலும் 400 முதல் 700 டாலர் வரை உள்ளது, கால்கட்டும் பூட்ஸும் தனி. முதல் பயணத்தில் இடக்கால் முன்னிற்பதா வலக்கால் முன்னிற்பதா என்பதைக்கூட அறியாத ஒருவர் பலகை வாங்குவது பணவிரயம். ஆனால் வாடகைக் கடையில் எதை நம்பினாலும் பூட்ஸை நம்புவதற்கில்லை: பலர் அணிந்து தளர்ந்த பூட்ஸுக்குள் குதிகால் மேலெழுந்தால், கால் இடும் கட்டளை பலகையை எட்டுவதே இல்லை, எவ்வளவு உயர்ந்த பலகையும் அப்போது முரண்டு பிடிக்கும். எனவே முதலில் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கி, இரண்டு பயணங்களில் வெவ்வேறு பலகைகளை வாடகைக்கு எடுத்து ஒப்பிட்டு, அதன்பின் பலகையை முடிவுசெய்யும் வரிசையே அறிவுடையது.

வாங்கிய பலகை ஆண்டின் மிகப்பெரும் பகுதியை மதுரையிலேயே கழிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையின் உள்வெப்பம் அதைவிட மிகும். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிசின், பூட்ஸின் அடித்தோலைப் பற்றியிருக்கும் பசை இரண்டுக்கும் அது பகை. வடகிழக்குப் பருவமழை மாதங்களின் ஈரத்தில் எஃகு விளிம்புகள் துருவேறும். பயணம் முடிந்ததும் விளிம்புகளை உலரத் துடைத்து, அடிப்பரப்பிலும் விளிம்பிலும் மெழுகைத் தடிப்பாக உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டு, வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் படுக்கவைப்பதே காப்பு. பூட்ஸின் உள்ளுறையைத் தனியே எடுத்து நிழலில் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். போக்குவரத்திலும் நீளம் குறுக்கிடுகிறது. 2025 சூன் 7 முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தேபாரத் ரயில் ஓடுவதால், மதுரை வழியாகக் கட்ரா செல்லும் திருநெல்வேலி ரயிலில் ஏறிப் பள்ளத்தாக்கு வரை இருப்புப்பாதையிலேயே போய்ச்சேரும் வழி திறந்துள்ளது. ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பையைப் பெட்டியில் வைப்பதும், விமானத்தில் அதைத் தனிச்சுமையாகப் பதிவதும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டியவை.

தூள்பனிக்குப் பலகை தேடுவோர் பனிச்சரிவைப் பற்றி அறியாமல் இருக்கலாகாது. பனிச்சரிவு என்பது மலைச்சாய்வில் அடுக்கடுக்காகப் படிந்த பனி, அடியடுக்கின் பலவீனத்தால் பிளந்து திரளாகப் பாய்வதாகும். புதுப்பனி மிகுந்த நாளே சறுக்குவோர்க்கு இன்பமானது, அதுவே மிக ஆபத்தானதும் ஆகும். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த இராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் மாண்டனர். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் இறந்தனர். கம்பிவடத்தின் அருகே உள்ள சரிவுகளைக் காவல்குழு கண்காணித்து, ஆபத்து மிகும்போது மேற்கட்டத்தை மூடிவைக்கிறது. அவ்வெல்லைக்கு அப்பால் செல்வோர் தம் உயிருக்குத் தாமே பொறுப்பு. புதையுண்டவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பின் விரைந்து சரிவதால், வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க இயலாது, உடன் வந்தவரே தோண்டியெடுக்க வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் இருப்பிடங்காட்டி, பனியில் குத்தித் தேடும் மடக்குக்கோல், சிறுமண்வெட்டி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இருந்தால்தான் அவற்றால் பயன் உண்டு. குல்மார்க் போன்ற மலையில் இம்மூன்றும் இல்லாதவரிடம் உயர்ந்த தூள்பனிப் பலகை இருப்பது, அவரை அவர் போகக்கூடாத இடத்துக்கு விரைந்து கொண்டுசேர்ப்பதற்கே உதவும்.

ஆக, தென்தமிழ்ச் சமவெளியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை செல்பவர்க்கு உரியது, கால்களுக்குக் கீழே கேம்பரும் முன்முனையில் ராக்கரும், 12 மில்லிமீட்டருக்கு மேற்படாத டேப்பரும், நடுத்தர விறைப்பும் கொண்டு, எடை வரம்புக்கும் பாதத்துக்கும் பொருந்திய ஒரே ஒரு திசைசார் பலகையாகும். சென்ற ஆண்டு மாதிரி குறைந்த விலையில் கிடைத்தால் அதுவே போதும். செலவின் வரிசையில் பூட்ஸும் பனிச்சரிவுக் கருவிகளும் பயிற்சியும் முன்னே நிற்க, பலகை கடைசியாக வரட்டும்.